பதம் தாண்டிய சாயங்காலம்

புதுச்சேரி ஆணிக்காரத் தெருவில் ஒரு சாயங்காலம் பாகு மாதிரி முற்றிப்போய் அப்படியே நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று கேட்டால் தெருவில் யாரும் தடுமாற மாட்டார்கள், சொல்தா எத்துவார் மொட்டை மாடியில் பியர் காய்ச்சின அன்றைக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில் என்று பட்டென்று சொல்வார்கள். எத்தனை நாள் நின்றது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆளுக்கொரு கணக்குச் சொல்லி அடித்துக்கொள்வார்கள், அப்புறம் விலக்கிவிட நீங்கள்தான் ஓட வேண்டியிருக்கும்.

எத்துவார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு வாங்கி வந்தவர். அந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரான்சின் வடக்கே மழையைத் தவிர வேறெதுவும் தவறாமல் வராத ஒரு சின்ன ஊரில் அவருக்கு முகாம் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறதென்றால், மாதம் நெருங்கும்போதே பார்லியை முளைகட்டி உலர்த்திய மால்ட்டில் கருப்பட்டி நிறத்தில் ஒரு பியர் காய்ச்சிப் புட்டியில் அடைத்து வைப்பார்கள், ஞானஸ்நானத்தன்று தெருவுக்கே ஊற்றுவார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்தே நம் வீட்டிலும் இப்படி ஒன்று செய்தாக வேண்டும் என்று எத்துவாருக்கு ஆசை.

மகள் செலின் முதல் தடவை உண்டாகியிருந்தபோது காய்ச்சவும் செய்தார். அந்தப் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எத்துவார் புட்டி புட்டியாகத் திறந்து வாசல் சாக்கடையில் கவிழ்த்தார், நுரை கோடி வீடு வரைக்கும் ஓடியது. இப்போது செலின் இரண்டாம் தடவை பிரசவத்துக்கு வந்திருந்தாள், மாப்பிள்ளைக்கு ரெயூனியன் தீவில் வேலை, லீவு கிடைக்கவில்லை, நாளோ நெருங்கிவிட்டது. போன தடவை அவசரத்தில் பாகு காய்ச்சாமல் விட்டதுதான் குற்றம் என்று எத்துவாருக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணம் உட்கார்ந்திருந்தது.

“பியருக்கும் பிள்ளைக்கும் என்னாங்க சம்மந்தம்?” என்றாள் மனைவி லெயோனி.

“இருக்குதோ இல்லியோ, இந்தத் தடவை ஒரு கொறையும் வைக்கக் கூடாது, அவ்ளோதான்.”

பயந்த மனுஷனிடம் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்தப் பாகு விஷயம் இதுதான். மால்ட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்தால் முதலில் இறங்குகிற தண்ணீர் கெட்டியாக, தித்திப்பாக இருக்கும். அதில் ஒரு பங்கை மட்டும் தனியாக எடுத்து, அடிகனத்த பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி, நிறமும் மணமும் ஏறியதும் மிச்சத் தண்ணீர் கொதிக்கிற அண்டாவுக்கே திருப்பி ஊற்றிவிட வேண்டும். கரண்டியின் முதுகில் பூசினாற்போல் ஒட்டினால் போதும், இறக்கிவிடலாம் என்று அந்த ஊர்க்காரி ஒருத்தி சொல்லியிருந்தாள். எத்துவாருக்கு அது நினைவிருந்தது. ஆனால் தன் வீட்டிலேயே பாகுக்கு ஒரு மகாராணியை வைத்துக்கொண்டு எவளோ சொன்னதை நம்புவானேன்? தீபாவளி வந்தால் ஆணிக்காரத் தெருவில் அதிரசம் போடுகிற எல்லா வீட்டுக்கும் லெயோனிதான் போய்ப் பதம் பார்த்துச் சொல்ல வேண்டும், கிறிஸ்துவ வேதக்காரி என்று யாரும் ஒதுக்கியதில்லை. அதனால் அவர் மாடிப்படியில் நின்று கத்தினார்.

“லெயோனி! பாகு எந்தப் பதத்துல எறக்கணும்?”

கீழே மகளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள் என்ன பாகு, ஏது பாகு என்று எட்டிப்பார்க்காமலே பதில் கொடுத்தாள். “தண்ணில ஒரு சொட்டு வுட்டு உருட்டிப் பாருங்க!”

உருட்டிப் பார்த்தார். விரலில் பிசுபிசுத்தது. இன்னும் கொஞ்சம் விட்டார், உருண்டது, ஆனால் போன தடவையின் நினைப்பு வந்து இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே கொஞ்சம் என்று கிண்டிக்கொண்டே நின்றார், வாசனை மாடியை விட்டிறங்கி வீடு வீடாக நுழைந்து அடுப்படி, பூஜையறை, பாய், தலையணை என்று ஒன்றையும் விடாமல் ஏறி உட்கார்ந்தது, தெருவில் எல்லோரும் மூக்கை உறிஞ்சி “அட, என்னா வாசனைடா இது!” என்று வாசலுக்கு வந்தார்கள், மேற்கே தையற்கடை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் சூரியன் பட்டும் படாமல் இறங்கிக்கொண்டிருந்தது, அப்போது எத்துவார் ஒரு சொட்டைத் தட்டில் போட்டார். அது ணங் என்றது.

அந்தச் சத்தத்தோடு சூரியனும் நின்றுவிட்டது.

“போச்சு,” என்றார் எத்துவார், சூரியனை அவர் பார்க்கவேயில்லை. “கல்லாயிடுச்சி. இதை அண்டாவுல போட்டா மொத்தமும் கசந்துடும்.” மேலே வந்து பார்த்த லெயோனி தலையில் அடித்துக்கொண்டாள். “அதிரசத்துக்குச் சொன்ன பதத்தைக் கொண்டாந்து சாராயத்துக்கு வச்சா வேற என்னா ஆவும்?” “நீதானடி உருட்டச் சொன்னே!” “உருட்டத்தான் சொன்னேன், உடைக்கவா சொன்னேன்?” அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பாத்திரத்தை உடனே கழுவிப்போட்டிருப்பாள்தான், ஆனால் விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொட்டக் கூடாது என்பதில் லெயோனி மற்றவர்களை விடக் கறார். பித்தளைப் பாத்திரத்தை மூடி அண்டா பக்கத்திலேயே வைத்துவிட்டு, பொழுது போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிப்போனாள்.

பொழுது எங்கே போனது?

கடிகாரம் ஓடியது, டிவியில் ஒன்பது மணிச் செய்தி வந்தது, அடுத்த தெருவில் நல்ல இருட்டு, ஆணிக்காரத் தெருவில் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக அந்த வெளிச்சம் சுவரில் பூசினது பூசினபடி நின்றது. முதல் நாள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மறுநாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வேலைக்குப் போனவர்கள்தான் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள், அந்த வாசனையை மூச்சில் வாங்கினவர்கள் எங்கே போனாலும் அந்தப் பொழுது கூடவே வந்தது, பட்டப்பகலில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர்கள் முகத்தில் மட்டும் அந்தி வெயில் அடித்தது, மேனேஜர்கள் முதலில் முறைத்துவிட்டுப் பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டதோடு சரி.

பசி மட்டும் வேளை தவறாமல் வந்தது, அதற்கு எந்த வெயிலும் ஒரு பொருட்டா? மற்றபடி நகம் வளரவில்லை, தாடி வளரவில்லை, கொசு வரவில்லை, அலுப்புத் தெரியவில்லை, தூக்கமும் வரவில்லை. மோர்மிளகாயும் வற்றலும் எந்நேரமும் காய்ந்தன. கல்யாண ஃபோட்டோ எடுக்கிற ரியாஸ் அந்தத் தெருப் பையன்தான், இப்படியொரு வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று ஊரிலிருக்கிற மாப்பிள்ளை பெண்களையெல்லாம் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்தினான், சாய்ந்து நில்லுங்க, சிரிங்க, இன்னும் சிரிங்க என்று அவன் போட்ட சத்தம் ராத்திரி பன்னிரண்டானாலும் ஓயவில்லை. நரைத்த தலைகள் கண்ணாடி முன் நின்று இதற்கு மேல் நரைக்காது என்று சந்தோஷப்பட்டன.

தொல்லை எங்கே வந்ததென்றால் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வந்தது. அந்த நேரத்தில் வாசலைக் கூட்டக் கூடாது, உப்பு கொடுக்கக் கூடாது, தயிர் கொடுக்கக் கூடாது, ஊசி கொடுக்கக் கூடாது, படுக்கக் கூடாது, அழக் கூடாது. நேரம் தாண்டினால்தானே கொடுப்பதற்கு? பக்கத்து வீட்டில் உப்பு வாங்காமல் எந்தத் தெரு நடந்திருக்கிறது? மூலையில் குப்பை குவிந்தது, சாம்பார் சப்பென்று இருந்தது, அரை டம்ளர் தயிருக்காகப் பழக்கமான வாசலில் போய் நின்று கேட்காமலே திரும்பி வந்தார்கள். துக்கம் வந்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு அதையும் தள்ளி வைத்தார்கள். ஒருத்தரையொருத்தர் எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் கை நீட்டி எதையும் வாங்கிக் கொள்ளவில்லை, அது அவர்களுக்கே பிடிக்கவில்லை.

பூக்காரத் தைலம்மாவுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம். எதிர்வீட்டுக்காரி. கூடையில் கட்டின மல்லி மொட்டு மொட்டாகவே இருந்தது, இருட்டினால்தானே விரியும்? வாங்கின பெண்கள் “என்னா தைலம்மா, பச்சைமிளகாயைக் கட்டித் தலையில வச்ச மாதிரி இருக்கு” என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆனால் தைலம்மா ஒரு நாளும் குறைசொல்லவில்லை. அதற்குக் காரணம் வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்தது. புருஷன் சபாபதிக்கு நுரையீரல் கெட்டுப்போய், பியர் காய்ச்சின அதே நாள் மத்தியானம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த ராத்திரியைத் தாண்டுறது கஷ்டம்மா என்று காதோரமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ராத்திரிதான் வரவேயில்லையே! தைலம்மா விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செலினுக்கோ வலி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள், சில நாள் கழித்து மறுபடி எடுத்தாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இதயத்துடிப்பு நல்லா இருக்கு. ஆனா கொழந்தைக்கு ஒரு நாள்கூட நகரலியே. போன தடவை எப்படியோ அப்படியே இருக்கு.”

வார்டில் படுக்கவைத்துப் பார்க்கலாம் என்றால், அவள் கட்டிலைச் சுற்றி அந்தி வெளிச்சம் நின்றதில் மற்ற தாய்மார்கள் ராத்திரியெல்லாம் கண்மூட முடியாமல் சண்டைக்கு வந்தார்கள். வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். வீங்கின காலும் நிறைந்த வயிறுமாகச் செலின் மாடியில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. அழுதால் மனசு ஆறும், அழுகிற நேரமும் இல்லை.

“வயித்துலயே வச்சிக்கிட்டு இருந்துடுவேனோ பப்பா? போன தடவ மூஞ்சியாவது பாத்தேன்,” என்றாள்.

எத்துவார் பக்கத்திலிருந்த அண்டாவின் மேல் கையை ஊன்றினார், ஊன்றின வேகத்தில் ஐயோ என்று உதறினார். சுட்டது. அடுப்பை அணைத்து எத்தனையோ நாளாகியிருந்தது, அண்டா இப்போதுதான் இறக்கிவைத்த மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தார். கெடவில்லை, புளிக்கவில்லை. பித்தளைப் பாத்திரத்தைத் தொட்டார், அதுவும் சூடு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பேசிக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டி மாதிரி உட்கார்ந்திருந்தன.

“லெயோனி,” என்று கூப்பிட்டார். அன்றைக்கப்புறம் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். அவள் வந்து, தொட்டு, முகர்ந்து, மேற்கே சூரியனைப் பார்த்து, மறுபடி பாத்திரத்தைப் பார்த்தாள். பாகு தெரிந்தவளுக்கு விளக்கவா வேண்டும்?

“எடுத்ததைத் திருப்பி ஊத்தலியே நீங்க.”

“கசந்துடும்னு பயந்தேன்.”

“கசந்தா கசக்கட்டும். மனுஷன் குடிக்கிறதுதானே, கசப்பு ஒண்ணும் புதுசில்ல. ஊத்துங்க.”

எத்துவார் பாத்திரத்தைத் தூக்கினார். அப்போது எதிர்வீட்டு ஜன்னல் கண்ணில் பட்டது. விளக்கு, கட்டில், தைலம்மாவின் முதுகு. தூக்கினதை அப்படியே கீழே வைத்தார். கேட்காமல் ஊற்றிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பு ஓடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், பெற்ற மகள் எதிரில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் ஓடும். செலின்தான் தலையாட்டினாள். “கேளுங்க பப்பா. அவங்க சரின்னு சொன்னாதான்.”

போய்க் கேட்டார். வாசலுக்கு வெளியே நின்றபடி, வாய் குழறி, பாதி கையாலேயே சொன்னார். தைலம்மா எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, செலின் பொண்ணு எனக்கும் பொண்ணுதான். ஆனா உன் வூட்டுக்கு ஒரு உசுரு வரணும்னா என் வூட்லேருந்து ஒண்ணு போவணுமா? நீயே சொல்லு.”

“வேணாம்மா. கேட்டது தப்பு. நான் ஊத்தல,” என்று எத்துவார் திரும்பினார். தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவர் தன் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அப்போதுதான் கட்டிலிலிருந்து சபாபதியின் குரல் வந்தது. மெதுவான குரல்தான், ஆனால் சாயங்காலம் நின்றுபோன தெருவில் எல்லாருக்கும் கேட்டது.

“ஏ தைலம். என்னைக் கேட்டியாடி?”

“நீ சும்மா படு.”

“படுத்துத்தானே கெடக்கேன். ஒரு இருமலைப் பாதியில வச்சிக்கிட்டு எத்தினி நாளா கெடக்கேன் தெரியுமா? இந்தப் பக்கமும் வரமாட்டேங்குது, அந்தப் பக்கமும் போவமாட்டேங்குது. இருமி முடிச்சிடுறேன், உடு.”

“ராத்திரியத் தாண்டாதுன்னு சொன்னாருய்யா டாக்டரு!” என்று தைலம்மா கத்தினாள், அத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்தது அன்றைக்கு வெளியே விழுந்தது.

“தாண்டுறது கஷ்டம்னுதானே சொன்னாரு? ராத்திரியே வரலேன்னா எதைடி நான் தாண்டுறது? வரட்டும். பாத்துக்குறேன்.”

தைலம்மா எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, எத்துவாரைப் பார்க்காமல், “ஊத்துண்ணே,” என்றாள்.

மாடிக்குத் தெருவே ஏறிவந்தது. அண்டாவுக்கடியில் இருந்த பெரிய பிரியாணி அடுப்பை ரியாஸ்தான் பற்றவைத்தான். “உனக்குத்தான் பொழப்புப் போவுது” என்று யாரோ சீண்டியதற்கு, “அட போங்கக்கா, எல்லா ஃபோட்டோவும் ஒரே மாதிரி இருக்குன்னு கஸ்டமரு திட்டுறாங்க” என்றான். அண்டா தளதளவென்று கொதித்ததும் எத்துவார் பித்தளைப் பாத்திரத்தைக் கவிழ்த்தார். கல்லான பாகு அசையவில்லை. லெயோனி கரண்டியைப் பிடுங்கி, அண்டாவிலிருந்தே மொண்டு மொண்டு பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்திலிருந்து சுரண்டிச் சுரண்டிக் கரைத்தாள், “அவசரப்பட்டா கட்டி கட்டும், கிண்டுங்க, கிண்டிக்கிட்டே இருங்க” என்று அதட்டினாள், பேச்சு நின்றிருந்த அத்தனை நாள் அதட்டலும் சேர்ந்து வந்தது. ஒரு விளிம்பு இளகியது, பிறகு ஒரு துண்டு, பிறகு மொத்தமும் வழுக்கிக்கொண்டு அண்டாவுக்குள் இறங்கியது, கருஞ்சிவப்பாக ஒரு சுழி சுழித்துக் கரைந்தது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலிருந்து சூரியனும் வழுக்கி இறங்கியது. சுவர்களில் பூசியிருந்த வெளிச்சம் மேலிருந்து கீழாக வடிந்தது, கடல் பக்கமிருந்து காற்று வந்தது, ஆணிக்காரத் தெருவில் இருட்டிவிட்டது.

எல்லோரும் “அப்பாடா” என்றார்கள். ஒருத்தர் சொல்லி ஒருத்தர் சொன்னதல்ல, தெருவே ஒரே மூச்சாக விட்டது. எதிர்வீட்டில் சபாபதி இருமினார். அது பாதியில் நின்ற இருமலின் மிச்சம், நீளமாக, முரட்டுத்தனமாக, வீட்டுக் கூரை அதிர வந்து முடிந்தது. அதற்கப்புறம் அங்கே சத்தமே இல்லை. தைலம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எத்துவார் பியருக்கு மணம் கொடுக்கிற ஹாப் மொட்டைக் கொதியில் போட்டுக்கொண்டே அந்தக் கதவையே பார்த்தார், அடுப்பை அணைத்து அதை வடித்தெடுத்த பிறகும் பார்த்தார், அதற்குள் செலின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “மம்மா!” என்றாள், ஆட்டோ வந்தது, “ஆறினதும் அந்த ஈஸ்ட்டைத் தூவி மூடிடுப்பா” என்று ரியாஸிடம் கத்திவிட்டு அவரும் ஏறினார்.

விடிகிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். தலைகீழாகத் தூக்கிப் பிடித்த நர்ஸ் முதுகில் தட்டினாள், அழவில்லை, வெளியே நின்ற எத்துவாருக்கு உலகமே நின்றுபோனது, உள்ளே அந்தப் பிள்ளை வாயை அகலமாகத் திறந்து நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது, எத்தனை நாள் தூக்கம் பாக்கி! அதற்குப் பிறகுதான் அழுதது, அழுத அழுகையில் வார்டே எழுந்துகொண்டது. செலினும் அழுதாள், லெயோனியும் அழுதாள், இப்போது எந்தத் தடையும் இல்லை.

எத்துவார் பேத்தியை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார். சந்தோஷத்தைச் சொல்லத்தான் வந்தார், ஆனால் முனை திரும்பினதும் கால் ஓடவில்லை. நல்ல விடியல் வெளிச்சம், வெள்ளையாக, சாதாரணமாக இருந்தது. கொட்டாவி அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது போல, வீட்டுக்கு வீடு குறட்டை. தைலம்மா வீட்டு வாசலில் கூடை நிறைய மல்லி, அத்தனை மொட்டும் ஒரே ராத்திரியில் விரிந்து கிடந்தது. கதவு இன்னும் சாத்தியிருந்தது. அவர் தன் வீட்டுப் படியில் நின்றபடி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு, தட்டலாமா வேண்டாமா என்று கையைப் பிசைந்தார்.

கதவு திறந்தது. தைலம்மா விளக்குமாறோடு வெளியே வந்தாள், குனிந்து, சேர்ந்துபோன குப்பையையெல்லாம் வாசலிலிருந்து பரபரவென்று கூட்டித் தள்ளினாள், நிமிர்ந்தபோதுதான் அவரைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

“என்னாண்ணே, என்னா பொறந்துது?”

“பொண்ணு,” என்றார் எத்துவார். அவர் கண் அவளைத் தாண்டி உள்ளே கட்டிலைத் தேடியது.

தைலம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையை அள்ளி முடிந்தாள்.

“வூட்ல ஒரு கை உப்பு இருந்தா குடேன்ண்ணே. அவரு கஞ்சி கேக்குறாரு.”

எத்துவார் உள்ளே ஓடினார். ஒரு கை என்ன, ஜாடியோடு தூக்கிக்கொண்டு வந்தார்.